மோர்ஸ் டெஸ்ட்டும் அப்பாவின் காரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் மெக்கானிக்கல் பிரிவு, 2008–2012)



மூன்றாம் ஆண்டு தெர்மல் லேபில் மோர்ஸ் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டராக ஸ்பார்க்கைக் கட் பண்ணி, வேகம் குறைந்ததும் லோடைக் குறைத்துப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்து ரீடிங் எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதினேன். ஐயா மன்னிக்க வேண்டும். அந்தக் கடன் 2023-ல் என்னைத் தேடி வந்தது.

எங்க ஊர் கோபி. அப்பாவிடம் 2006 மாடல் கார். நாலு சிலிண்டர், பெட்ரோலிலும் கேஸிலும் ஓடும். ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. அம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் ஈரோட்டில் டயாலிசிஸ். அப்பாதான் ஓட்டிக்கொண்டு போவார். ஒருநாள் திரும்பும்போது கவுந்தப்பாடி பக்கம் வண்டி உதற ஆரம்பித்து, சிக்னலில் நின்றே போய்விட்டது. பின் சீட்டில் அம்மா களைத்துப் படுத்திருக்கிறார். நான் சென்னையிலிருந்து ஓடினேன்.

அப்பா சொன்னது இவ்வளவுதான். "காலைல நல்லாத்தான் எடுக்குது கண்ணு. சூடானப்பறந்தான் உதறுது. வேகமாப் போனாத் தெரியறதில்ல."

நோய்க்குறி முழுக்க அதிலேயே இருந்தது. நான் காதில் வாங்கவில்லை. இன்ஜினியர் அல்லவா! நேரே கடைக்குப் போய் நாலு பிளக், வயர் செட், காயில் எல்லாம் வாங்கி மாட்டினேன். ஏழாயிரம் ரூபாய் போச்சு. உதறல் அப்படியே இருந்தது. ஸ்கேனரும் மாட்டிப் பார்த்தேன். நம் நாட்டில் ஓ.பி.டி. கட்டாயமானது 2010-லிருந்துதான். எங்கள் வண்டி எந்த சிலிண்டர் என்றெல்லாம் சொல்லவில்லை. உள்ளூர் மெக்கானிக், "இன்ஜின் இறக்கணும், நாப்பதாயிரம் ஆகும், பேசாம வித்துடுங்க" என்றார். அப்பா பதில் பேசவில்லை. விற்றால் மறுநாள் அம்மாவை எதில் கூட்டிப் போவது?

அன்றிரவுதான் மோர்ஸ் டெஸ்ட் ஞாபகம் வந்தது. லோடு வேண்டாம், டைனமோமீட்டர் வேண்டாம். இன்ஜினை ஐடிலில் விட்டு, ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி, வேகம் விழுகிறதா என்று பார்த்தால் போதும். (மாணவர்கள் கவனிக்க: கழற்றிய வயரில் ஒரு பழைய பிளக்கை மாட்டி எர்த் கொடுங்கள், இல்லாவிட்டால் காயில் கெடும். ரப்பர் பிடி போட்ட பிளையர் வேண்டும். சில விநாடிக்கு மேல் நீட்டாதீர்கள், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய்ச் சேரும்.) ஒன்று, இரண்டு, நாலு கழற்றினால் இன்ஜின் திணறியது. மூன்றைக் கழற்றினால் ஒன்றுமே ஆகவில்லை. ஆக, மூன்று ஏற்கெனவே வேலை செய்யவில்லை.

மூன்றின் பிளக்கையும் வயரையும் ஒன்றுக்கு மாற்றினேன். கோளாறு கூடப் போகவில்லை, மூன்றிலேயே நின்றது. பெட்ரோலிலும் அதே உதறல், கேஸிலும் அதே உதறல். இரண்டுக்கும் வழி வேறு வேறு என்பதால் இன்ஜெக்டர் மேல் சந்தேகம் போய்விட்டது. மிச்சம் கம்ப்ரெஷன்தான்.

எல்லா பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் எரிபொருளையும் துண்டித்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துச் சூடான இன்ஜினில் பார்த்தேன். 160, 155, 95, 160 பி.எஸ்.ஐ. மூன்றாவதில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பார்த்தால் 100. ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து நன்றாக ஏறியிருக்கும். ஏறவில்லை. அப்படியானால் வால்வு.

மறுநாள் காலை இன்ஜின் ஆறியபின் மேல்மூடியைத் திறந்து ஃபீலர் கேஜ் விட்டேன். மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வில் இருப்பதிலேயே மெல்லிய தகடுகூட நுழையவில்லை. கேஸில் ஓடும் வண்டியில் வால்வு சீட் சீக்கிரம் தேயும். தேயத் தேய வால்வு மேலே ஏறும், டேப்பட் இடைவெளி குறையும். இன்ஜின் சூடானால் வால்வு தண்டு நீண்டு, வால்வு முழுசாக மூடாது. வேகமாக ஓடும்போது கசிய நேரம் குறைவு, அதனால் உதறல் தெரியாது. அப்பா சொன்ன மூன்று வாக்கியமும் இதுதான். லூசான டேப்பட் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடும். இறுகிய டேப்பட் மூச்சே விடாது. அதுதான் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை.

கையேட்டில் உள்ள அளவுக்கு எட்டு வால்வையும் சரிசெய்தேன். செலவு மேல்மூடி கேஸ்கெட் மட்டும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு பார்த்தால் மூன்றாவது சிலிண்டர் 140. மற்றவற்றுக்குச் சமமாகவில்லை. வால்வு முகம் கொஞ்சம் எரிந்திருக்க வேண்டும். என்றைக்காவது ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று அப்பாவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். இப்போது பெரும்பாலும் பெட்ரோலில்தான் ஓட்டுகிறார். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை நான் ஊருக்குப் போய் டேப்பட் பார்க்கிறேன். ஃபீலர் கேஜை அப்பாவே பிடிக்கக் கற்றுக்கொண்டார், "இறுக்கமா இருக்குது கண்ணு" என்று எனக்குத் திருத்தம் சொல்கிறார்.

லேபில் அந்தப் பழைய இன்ஜின் இன்னும் இருக்கிறதென்று இன்று காலை போய்ப் பார்த்தேன். ஐயா அனுமதித்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் பாக்கி ரீடிங்கை எடுத்துவிட்டுப் போகிறேன்.