பணம் தொலைந்தால் பொறுப்பு யாருடையது?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நம் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

மாதச் சந்தாவையும் பைத்துல்மால் நன்கொடையையும் செல்பேசி வழியாகப் பெறுவது என்று ஒரு தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. எந்த நிறுவனத்தில் கணக்குத் தொடங்குவது என்பதில் இரு கருத்துகள் உள்ளன. கூட்டுறவு நிறுவனமே நல்லது, அங்கே நமக்குத் தெரிந்த முகங்கள் இருக்கின்றன, தமிழில் பேசிக் காரியம் முடிக்கலாம் என்பது பெரியவர்களின் கருத்து. கூட்டுறவு நிறுவனங்களின் செல்பேசிச் செயலி பாதி நாள் இயங்குவதில்லை, எனவே வேறு வங்கிக்குப் போகலாம் என்பது இளைஞர்களின் கருத்து. இரு தரப்பாரும் என்னைப் பேசச் சொன்னார்கள். செயலியின் தரத்தை இமாமிடம் கேட்பானேன் என்று சிலர் எண்ணக்கூடும். கேட்பதற்கு ஒரு முகாந்திரம் உண்டு.

நபித்தோழர் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு செய்தி ஸஹீஹுல் புகாரியில் விரிவாக இடம்பெற்றுள்ளது. மக்கள் தம் பொருளைப் பாதுகாக்க அவர்களிடம் கொண்டுவருவார்கள். அவர்களோ அதை அமானிதமாக ஏற்க மறுத்து, கடனாகத் தருவதாயின் பெற்றுக்கொள்வதாகக் கூறுவார்கள். பொருள் வீணாகிப் போகுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம். ஹிஜ்ரி 36-ஆம் ஆண்டு அவர்கள் ஷஹீதானபோது, மகனார் அப்துல்லாஹ் (ரலி) கடன்களைக் கணக்கிட்டார்கள். இருபத்திரண்டு இலட்சம் வந்தது. மதீனாவுக்கு அருகில் இருந்த ஃகாபா என்னும் நிலத்தைப் பதினாறு இலட்சத்திற்கு விற்றார்கள். கடன் யாவும் அடைந்த பின்னரும் வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கிடவில்லை. ஸுபைரிடம் யாருக்கேனும் கடன் பாக்கி இருந்தால் வரலாம் என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவித்த பிறகே பங்கிட்டார்கள்.

அமானிதத்திற்கும் கடனுக்கும் உள்ள வேறுபாட்டை மத்ரஸா மாணவர் ஒவ்வொருவரும் ஓதியிருப்பர். அமானிதப் பொருள், வைத்திருப்பவரின் அலட்சியம் இன்றித் தொலைந்தால் அவர் ஈடுசெய்ய வேண்டியதில்லை. கடனாகப் பெற்ற பணமோ, எவ்வாறு தொலைந்தாலும் திருப்பித் தந்தே ஆகவேண்டும். ஸுபைர் (ரலி) அவர்கள் தம் தலைமீது பொறுப்பை வலிய ஏற்றுக்கொண்டார்கள் என்பதே இதன் பொருள்.

வங்கியில் நாம் போடும் பணம் இவற்றுள் எது? 1995-இல் அபூதாபியில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கேட்டவுடன் திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை மார்க்கச் சட்டப்படி கடனே என்று தீர்மானித்தது. இதிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. அது கடன் என்பதால், அதன் மீது கிடைக்கும் உபரி வட்டியாகிறது. அது கடன் என்பதால், தொலைந்தால் திருப்பித் தரும் கடமை நிறுவனத்தைச் சேர்கிறது. முதல் முடிவை நாம் அடிக்கடி பேசுகிறோம். இரண்டாவதைப் பேசுவதே இல்லை. ஆகவே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் எழுப்ப வேண்டிய முதற் கேள்வி, பணம் தொலைந்தால் பொறுப்பு யாருடையது என்பதுதான். செயலி அழகாக இருக்கிறதா என்பது அதற்குப் பிறகு.

வட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜமாஅத்துக்கு வட்டி சேராத நடப்புக் கணக்கே பொருத்தமானது. தனிநபர்கள் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தால், சேரும் வட்டியைப் பிரித்தெடுத்து, நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதே ஆலிம்கள் பலரின் கருத்து. அதைப் பள்ளிவாசல் உண்டியலில் போட வேண்டாம். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராவதற்கு வாங்கும் பங்குக்குக் கிடைக்கும் ஈவுத்தொகையையும், சங்கத்தின் வருவாய் வட்டியிலிருந்து வருவதால், அவ்வாறே பிரித்துவிடுவது பேணுதலுக்கு உகந்தது என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்துடைய ஆலிம்களும் உளர்.

இனி, கூட்டுறவு என்பது நமக்குப் புதிதன்று. இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான முதற் சட்டம் 1904-இல் வந்தது. அதற்கு வழிவகுத்தவற்றுள் ஒன்று, சென்னை மாகாணத்தில் ஃபிரெடெரிக் நிக்கல்சன் என்னும் ஆங்கிலேய அதிகாரி அளித்த அறிக்கை. அச்சட்டத்தின் கீழ் பதிவான முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் எங்கே தோன்றியது தெரியுமா? நம் காஞ்சிபுரத்தில், அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில். கந்துவட்டிக்காரரின் பிடியிலிருந்து எளிய மக்களை மீட்பதே இவ்வியக்கத்தின் தொடக்க நோக்கம். வட்டியை முற்றிலும் ஒழிக்கவில்லை என்றாலும், அந்த நோக்கத்தைக் குறை கூற எனக்கு மனமில்லை.

ஆனால், கூட்டுறவு என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வேறுபட்ட நிறுவனங்கள் இயங்குகின்றன. பெரும்பாலோர் அறியாதது இதுதான். ஒன்று, ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற கூட்டுறவு வங்கி. நகரக் கூட்டுறவு வங்கிகளும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் இவ்வகை. மற்றொன்று, கிராமங்களில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் போன்றவை. இவை மாநிலக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் இயங்குவன. ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்றவை அல்ல. பயிர்க்கடன், உரம் எனச் சங்கத்தின் சேவை பெரிது. அதை நான் மறுக்கவில்லை. பணப் பாதுகாப்பு என்று வரும்போது மட்டும் இரண்டும் ஒன்றல்ல.

உரிமம் பெற்ற வங்கி முடங்கினால், வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகம் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 இலட்சம் ரூபாய் வரை ஈடுசெய்கிறது. 2020 பிப்ரவரி வரை இவ்வரம்பு ஒரு இலட்சமாகவே இருந்தது. அசலும் வட்டியும், எல்லாக் கிளைகளில் உள்ள கணக்குகளும் சேர்ந்தே இந்த 5 இலட்சம். சங்கங்களில் போடும் பணத்திற்கு இந்தக் காப்பீடு கிடையாது. சில சங்கங்கள் தம் பெயரோடு ‘வங்கி’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்கின்றன, அவற்றிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 நவம்பரில் பொதுமக்களுக்கு அறிவித்தது. எனவே பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரிசர்வ் வங்கி உரிமம் உண்டா, வைப்புத்தொகைக் காப்பீடு உண்டா என்று மேலாளரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

உரிமம் இருந்தாலும் சோதனை வரலாம். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியை 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவந்தது. கணக்கில் எவ்வளவு இருந்தாலும் ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்றது முதல் உத்தரவு. பின்னர் வரம்பு படிப்படியாக உயர்த்தப்பட்டு, 2022 ஜனவரியில் அவ்வங்கி வேறொரு வங்கியுடன் இணைக்கப்பட்டது. அவர்களும் செல்பேசியில் இருப்பைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். பார்க்க முடிந்த பணத்தை எடுக்க முடியவில்லை. இதன் பிறகுதான் 2020-இல் சட்டம் திருத்தப்பட்டுக் கூட்டுறவு வங்கிகள் மீது ரிசர்வ் வங்கியின் அதிகாரம் கூடியது. இத்தகைய கட்டுப்பாடு வந்தால் 90 நாட்களுக்குள் காப்பீட்டுத் தொகை கிடைக்க 2021-இல் வழி செய்யப்பட்டது. 5 இலட்சத்திற்கு மேல் உள்ளவர்கள் ஒரே வங்கியில் முழுவதையும் வைக்காதிருப்பது நல்லது.

இவ்விடத்தில் நம் சமுதாயத்திற்கு மட்டுமே உரிய ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ‘ஹலால் முதலீடு’ என்ற சொல் நம்மவர்களின் கண்களைக் கட்டிவிடுகிறது. பெங்களூருவில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் அவ்வாறு சொல்லியே பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் திரட்டியது. 2019 ஜூன் மாதம் கதவை மூடியது. அதன் நிறுவனர் வெளிநாடு சென்று, ஜூலையில் திரும்பி வந்தபோது டில்லியில் கைது செய்யப்பட்டார். மகளின் திருமணத்திற்கும் ஹஜ்ஜுக்கும் சேர்த்த பணம் அதில் இருந்தது. வட்டியில்லா வங்கிச் சேவை வேண்டும் என்று ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008-இல் பரிந்துரைத்தது உண்மை. ஆயினும் அதைத் தொடர்வதில்லை என முடிவெடுத்துள்ளதாக 2017-இல் ரிசர்வ் வங்கி தெரிவித்தது. ஆகவே, ரிசர்வ் வங்கி அனுமதித்த இஸ்லாமிய வங்கி என்று கூறிக்கொண்டு யாரேனும் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், அவர் தாடி வைத்திருக்கிறாரா என்று பார்க்காமல், உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இனிச் செல்பேசிக்கு வருகிறேன். இளைஞர்களின் குறையில் நியாயம் இருக்கிறது. கூட்டுறவு வங்கிகள் எல்லாவற்றுக்கும் இணையச் சேவையில் ஒரே அனுமதி இல்லை. சிலவற்றில் இருப்பையும் கணக்கு விவரத்தையும் பார்க்க மட்டுமே முடியும். நிதிநிலையும் தொழில்நுட்பமும் தகுதி பெற்றவை மட்டுமே பணம் அனுப்பும் வசதி தரலாம் என்பது 2015-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. ‘எங்களிடம் செயலி இருக்கிறது’ என்று சொன்னால், அது பார்க்கவா, அனுப்பவுமா என்று கேளுங்கள். பணம் வந்தாலும் போனாலும் உடனே குறுஞ்செய்தி வருகிறதா? நள்ளிரவில் அட்டை தொலைந்தால் அதை முடக்க எண் உண்டா? யுபிஐ செயலிகளில் வங்கிகளின் பட்டியலைத் திறந்தால் இந்த வங்கியின் பெயர் இருக்கிறதா? அங்கே கணக்கு வைத்திருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவரிடம், மாதத் தொடக்கத்தில் பணம் அனுப்பினால் தடைபடுகிறதா என்று விசாரித்தால், விளம்பரம் சொல்லாத செய்தி கிடைக்கும். ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களும், வங்கியில் பதிவு செய்த தங்கள் எண்ணிலிருந்து *99# என்று அழைத்து இருப்பை அறியலாம். வங்கிகள் தம் இணைய முகவரியை ‘பேங்க் டாட் இன்’ என்று முடியுமாறு மாற்ற 2025 அக்டோபர் வரை கெடு விதிக்கப்பட்டது. வேறுவிதமாக முடியும் முகவரியில் வங்கியின் பெயர் தோன்றினால் ஐயுறுங்கள்.

செல்பேசியிலும் அதே கேள்விதான். தொலைந்தால் பொறுப்பு யாருடையது? வங்கியின் குறையால் பணம் போனால் வங்கியே பொறுப்பு. நம் குறையும் இன்றி, வங்கியின் குறையும் இன்றி வேறெங்கோ நடந்த மோசடியால் போனால், வங்கியிலிருந்து செய்தி வந்த மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் நமக்கு இழப்பில்லை. இது 2017-இல் வகுக்கப்பட்ட விதி. கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு. ஆனால் இரகசிய எண்ணையோ ஓடிபியையோ நாமே பிறருக்குச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. பூட்டிய வீட்டின் சாவியை நாமே கொடுத்த கதை. சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார் என்னிடம் வந்து, “ஹஸ்ரத், பணம் வந்திருக்கிறது, இரகசிய எண்ணை அடித்தால் கணக்கில் ஏறும் என்கிறார்கள், அடிக்கட்டுமா?” என்று கேட்டார்கள். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. எண்ணை அடித்தால் பணம் போகும். அவர்கள் அடிக்கும் முன்னரே கேட்டது அல்லாஹ்வின் கிருபை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். 1930 என்ற எண்ணுக்கும் அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரனுக்கே ஆதாயம்.

இறுதியாக, ஜமாஅத்தின் கணக்கு. பல ஊர்களில் பொருளாளரின் சொந்த எண்ணுக்கே சந்தா அனுப்பப்படுகிறது. அவர் எவ்வளவு நேர்மையானவராயினும் இது முறையன்று. நாளை அவர் மவுத்தானால், ஜமாஅத்தின் பணமும் அவருடைய வாரிசுரிமைச் சொத்தும் கலந்துவிடும். ஸுபைர் (ரலி) அவர்களின் மகனார் நான்கு ஆண்டுகள் காத்திருந்தது போல் எல்லா மகன்களும் காத்திருப்பார்களா? கணக்கு ஜமாஅத்தின் பெயரில் இருக்க வேண்டும். க்யூஆர் குறியீட்டை வருடினால் ஜமாஅத்தின் பெயரே தோன்ற வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இருவர் சேர்ந்து கையொப்பமிட வேண்டிய கணக்குக்கு, செல்பேசியில் பணம் அனுப்பும் வசதியைப் பெரும்பாலும் தருவதில்லை. அதற்காக ஒருவர் கையொப்பம் போதும் என்று மாற்றிவிடலாம் எனச் சிலர் கூறினர். அதை நான் ஆதரிக்கவில்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சிகளை ஏற்படுத்தவும் கட்டளையிடும் அல்பகறா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம், திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். நம் ஊரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ மாணவர்கள் வருகிறார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரை மட்டுமன்று, அவருடைய உறவினர் பெயரையும் குடவோலையில் எழுதக் கூடாது என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் விதித்த ஊர் இது. இருவர் கையொப்பம் நமக்குச் சுமையாகத் தோன்றலாமா?

ஆகவே நான் முன்வைப்பது இது. உரிமமும் காப்பீடும் உள்ள கூட்டுறவு வங்கி ஒன்று, ஜமாஅத்தின் பெயரில் நடப்புக் கணக்கும் க்யூஆர் குறியீடும் தருமானால் அங்கேயே தொடங்கலாம்; இல்லையேல் அவற்றைத் தரும் வேறு வங்கிக்குச் செல்லலாம். பணம் வருவது செல்பேசி வழி. போவது முத்தவல்லி, பொருளாளர் இருவரின் கையொப்பமிட்ட காசோலை வழி. ஸகாத் நிதிக்குத் தனிக் கணக்கு. மாதந்தோறும் கணக்கு அறிக்கையை அச்சிட்டு, ஒளூச் செய்யும் இடத்திற்கு அருகில் உள்ள பலகையில் ஒட்ட வேண்டும். செல்பேசி இல்லாதவர்கள் வழக்கம்போல் ரசீது பெற்றுக்கொண்டு ரொக்கமாகவே தரலாம். இவற்றைத் தீர்மானத்தில் சேர்த்து வாசிக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.