பழைய லேத்தும் புதிய தரையும்

பம்புசெட்டின் ஷாஃப்ட் தேய்ந்தாலும், டிராக்டரில் ஒரு புஷ் உடைந்தாலும் நாம் முதலில் தேடிப்போவது ஊரின் லேத் பட்டறையைத்தான். அந்தப் பட்டறைகள் பலவற்றில் இன்று கணினி இயக்கும் சி.என்.சி. எந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு இடம்விட்டு விலகும் பழைய லேத்துகள் எடைக்குப் போகின்றன. ஹரிஹரில் 1941இல் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கர், சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தோடு கைகோத்து 1953இல் பெங்களூரில் எழுந்த எச்.எம்.டி. போன்ற ஆலைகளில் பிறந்த எந்திரங்களும் அவற்றில் உண்டு. ஓய்வுபெற்ற டர்னர்கள், பொறியியல் மாணவர்கள், சின்னஞ்சிறு நீராவி எஞ்சின் செய்து பார்க்கும் ஆர்வலர்கள் என்று சிலர் இவற்றை வாங்கி வீட்டுக் கொட்டகையில் நிறுத்த விரும்புகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன்.

நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். லேத் ஆலையில் முழுமை அடைந்து நம்மிடம் வருவதில்லை. அது நிற்கப்போகும் தரையில்தான் முழுமை அடைகிறது. "இந்த லேத் தேய்ந்துவிட்டது, அளவு நிற்கவில்லை" என்று கழித்துக்கட்டப்படும் எந்திரங்களில் பல, உண்மையில் சரியாக நிறுத்தப்படாதவை.

காரணத்தைச் சொல்கிறேன். லேத்தில் வேலைப்பொருள் சக் எனும் பிடிப்பானில் சுழல்கிறது. டூல், பெட் எனும் வார்ப்பிரும்புத் தண்டவாளத்தின் மேல் நீளவாக்கில் நகர்கிறது. சுழலும் அச்சும் டூல் நகரும் கோடும் இணையாக இருந்தால் கம்பி முழுவதும் ஒரே விட்டமாக வரும். இணை பிசகினால் ஒருபுறம் பருத்து மறுபுறம் சிறுத்துவிடும். பல நூறு கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு அசையுமா என்று கேட்கலாம். கண்ணுக்கு அசையாது, மைக்ரோமீட்டருக்கு அசையும். ஒரு கால் குட்டையான கட்டில் ஆடும். லேத் கனமானது என்பதால் ஆடாது. தன் எடையாலேயே முறுக்கிக்கொண்டு நான்கு கால்களையும் ஊன்றிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. பெட்டின் அகலம் 200 மில்லிமீட்டர், அதன்மேல் அச்சின் உயரம் 150 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கடைசி முனையில் ஒரு கால் மட்டும் 0.04 மில்லிமீட்டர் தூக்கி நின்றால், அங்கே டூல் 0.03 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். விட்டத்தில் அது இரட்டிப்பாகி 0.06 ஆகும். பேரிங் ஏறவேண்டிய ஷாஃப்டில் அனுமதிக்கப்படும் வேறுபாடோ பெரும்பாலும் 0.01 அல்லது 0.02தான்.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. பழைய லேத் வாங்குவோர் சக்கை ஒட்டிய பகுதியில் பெட் தேய்ந்திருப்பதைப் பார்த்து அஞ்சுவார்கள். அந்தத் தேய்மானத்தால் டூல் 0.1 மில்லிமீட்டர் கீழே இறங்கினாலும், 25 மில்லிமீட்டர் கம்பியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மாறாது. பக்கவாட்டுத் தேய்மானம்தான் அளவைக் கெடுக்கும். ஆகவே கீழ்நோக்கிய தேய்மானத்தைக் கண்டு பின்வாங்காதீர்கள். முறுக்கைக் கண்டு கவலைப்படுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். எந்திரத்தை இறக்கும்போது, டூலைச் சுமக்கும் கேரேஜையும் சக்குக்கு எதிரே நின்று கம்பியின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கையும் கடைசி முனைக்குத் தள்ளிப் பூட்டுங்கள். சக் இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கத்துக் கனம் ஓரளவு சமன்படும். தூக்கும் கயிறு, லீட் ஸ்க்ரூ எனும் நீண்ட திருகுத் தண்டில் படவே கூடாது. அது ஒருமுறை வளைந்தால் மரை வெட்டும் வேலை கெட்டது.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் துணியும் தூரிகையும் போதும். காற்றைப் பீய்ச்சி அடித்தால் இரும்புத்தூள் பேரிங்குக்குள்ளும் ஸ்லைடுகளுக்கு அடியிலும் புகுந்துவிடும். பெட்டின் துருவை எமரித் தாளால் தேய்த்தால் அதன் துகள் வார்ப்பிரும்பில் பதிந்து, ஸ்லைடை நாள்தோறும் அரிக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

தரை கனமான காங்கிரீட்டாக இருக்கட்டும். புதிதாகப் போட்டதென்றால் 28 நாள் இறுகவிடுங்கள். பிறகு ரசமட்டம் வேண்டும். கொத்தனாரின் ரசமட்டம் இதற்குப் போதாது. ஒரு மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சாய்வையும் காட்டும் நுட்பமான ரசமட்டம் தேவை. தெரிந்த பட்டறையில் ஒருநாள் இரவல் கேளுங்கள். அதைப் பெட்டின் குறுக்கே ஹெட்ஸ்டாக் முனையில் வைத்துக் குமிழ் எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். அதே திசை மாறாமல் கடைசி முனைக்குக் கொண்டுபோய் வையுங்கள். இரண்டு இடத்திலும் குமிழ் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். லேத் முழுவதும் லேசாக ஒருபக்கம் சாய்ந்திருந்தாலும் பாதகமில்லை. நடுக்கடலில் ஆடும் கப்பலின் பட்டறையிலும் லேத் ஓடத்தானே செய்கிறது! முறுக்கு இல்லை என்பதே முக்கியம். குறை தெரிந்த காலுக்கு அடியில் மெல்லிய தகடு செருகி, போல்ட்டை இறுக்கி, மறுபடி பாருங்கள். போல்ட் இறுகும்போதே பெட் இழுபடும் என்பதால் ஒருமுறை பார்த்ததோடு விடக்கூடாது.

ரசமட்டம் வழிகாட்டும். தீர்ப்புச் சொல்வது வெட்டிப் பார்க்கும் சோதனைதான். அதற்கு முன் சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்துச் சரிசெய்துவிடுங்கள். பின்பு 30 மில்லிமீட்டர் கம்பி ஒன்றை சக்கிலிருந்து 150 மில்லிமீட்டர் நீட்டிப் பிடியுங்கள். டெயில்ஸ்டாக்கின் துணை வேண்டாம், அதன் பிழையும் கலந்துவிடும். நடுப்பகுதியைக் குறைத்து இரு முனையிலும் ஒவ்வொரு வளையம் விடுங்கள். கூரான டூலால், டூலைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், இரண்டு வளையங்களையும் ஒரே ஓட்டத்தில் மெல்லச் சீவுங்கள். மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். வெளி வளையம் பெரிதாக இருந்தால், கடைசி முனையில் நீங்கள் நிற்கும் பக்கத்துக் காலை இம்மியளவு உயர்த்துங்கள். சிறிதாக இருந்தால் எதிர்ப்பக்கத்துக் காலை உயர்த்துங்கள். இரண்டும் ஒன்றாகும்வரை பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சில வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள், தரை அமர்ந்திருக்கும்.

பராமரிப்பு என்பது பெரும்பாலும் எண்ணெய்தான். ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன் எண்ணெய்க் குழிகள் அனைத்துக்கும் எண்ணெய் விடுங்கள். ஸ்லைடுகளுக்கு 68ஆம் எண் ஸ்லைடுவே எண்ணெய் ஏற்றது. ஸ்பிண்டிலுக்குத் தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயையே விடுங்கள். எண்ணெய் கேட்கும் இடத்தில் கிரீஸ் அடைக்காதீர்கள். சமையல் எண்ணெய் பிசினாகிவிடும். வேலை முடிந்ததும் தூளைத் துடைத்து, பெட்டில் எண்ணெய் பூசி மூடிவையுங்கள். கடலோர ஊர்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஓரிரவிலேயே துரு ஏறும்.

கடைசியாக, உங்கள் பாதுகாப்பு. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் லேத் தானாக ஓடத் தொடங்கக்கூடாது. அதற்கு மின்சாரம் நின்றதும் தானே துண்டித்துக்கொள்ளும் ஸ்டார்ட்டரைப் பொருத்துங்கள். எர்த் இணைப்பை எலக்ட்ரீசியனைக் கொண்டு உறுதி செய்யுங்கள். பல பழைய லேத்துகளில் சக் மரையால் ஏறியிருக்கும். ஓட்டத்திலேயே சட்டென்று எதிர்த்திசைக்கு மாற்றினால் அது கழன்று பாயும். சக் சாவியை சக்கிலேயே விட்டு சுவிட்சைத் தொடாதீர்கள். கையுறை, மோதிரம், துண்டு, தொங்கும் சட்டைக்கை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் சுழலும் எந்திரத்தின் அருகில் வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். இரும்புச் சுருளைக் கையால் இழுக்காமல் கொக்கியால் எடுங்கள்.

நேயர்களே, உங்கள் ஊரில் லேத்திலேயே வாழ்நாளைக் கழித்த டர்னர் ஒருவர் நிச்சயம் இருப்பார். எந்திரம் வாங்கும் முன் அவரை அழைத்துப் போங்கள், நிறுத்தும்போது பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். அவர் கைக்குத் தெரிந்தவை அச்சில் முழுவதும் வந்ததில்லை. அவர் இருக்கும்போதே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.