தன்னைப் பொறுத்தலும் அறமே

(திருப்பூர் ராயபுரத்தில் தசலட்சண பர்வத்தை ஒட்டி ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தசலட்சண பர்வம் போற்றும் பத்து அறங்களுள் முதலில் நிற்பது உத்தம க்ஷமை, தமிழில் பொறை. பர்வம் நிறைவுற்றபின் ஒருவரையொருவர் கண்டு, அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள வேண்டுவது சமணர் இல்லங்களின் வழக்கம். உற்றார், அண்டை வீட்டார், உடன் தொழில் செய்வோர் என அந்த வரிசை நீளும். எல்லா உயிர்களிடத்தும் பொறை வேண்டும் என்னும் நெறியில், அவ்வுயிர்களுள் தன்னுயிரும் ஒன்று என்பது மட்டும் பலர் நினைவுக்கு வருவதில்லை.

கவிதை எழுத விரும்பும் மாணவி முதல் வரியை எழுதுகிறாள். இரண்டாம் வரி பிறக்குமுன் அதை அடித்துவிடுகிறாள். நல்ல குரலுடைய ஒருவர் ஜினாலயத்தில் தோத்திரம் பாட அழைத்தால் பின்வாங்குகிறார். என்றோ ஒருநாள் சபையில் சுருதி பிசகியதை ஊர் மறந்துவிட்டது, அவர் மறக்கவில்லை. உள்ளே ஒரு குரல் ஓயாமல் ஒலிக்கிறது: “காப்பியம் பாடிய குலத்தில் பிறந்து இவ்வளவுதானா?” அந்தக் குரலுக்கு அஞ்சியே பல நோட்டுப்புத்தகங்கள் இழுப்பறைக்குள் முடங்கிவிடுகின்றன.

பனியன் தொழிலில் வாழும் இவ்வூருக்கு இதன் மறுபக்கம் நன்கு தெரியும். துணி வெட்டப்பட்டு, தைக்கப்பட்டு, அதன்பின்னரே செக்கிங் மேசைக்கு வரும். அங்கே பிசிறு, தையல் விட்ட இடம், ஓட்டை, கறை யாவும் கண்டறியப்படும். சரிசெய்யக்கூடியது மீண்டும் டெய்லரிடம் போகும். செக்கிங் இல்லாத தொழிற்கூடம் நற்பெயர் எடுக்காது. ஆனால் தைக்கத் தொடங்குமுன்னரே செக்கிங் செய்பவர் ஊசியைப் பிடித்துக்கொண்டால் ஓர் உருப்படியும் வெளிவராது. உள்மனத்தின் குற்றங்காணும் குரலும் அத்தகையதே. அதற்கு வேலை உண்டு. அதற்குரிய இடம் படைப்புக்குப் பின்னே இருப்பது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். தன் குற்றத்தைத் தானே பழித்துக்கொள்வதை ஜைன நெறி போற்றுகின்றதே. நிந்தையும் கர்ஹையும் சாதகனுக்கு உரியவை அல்லவா? உண்மையே. ஆயினும் அவற்றுக்கு ஓர் ஒழுங்கை ஆசாரியர்கள் வகுத்தனர். ஆறு ஆவசியகங்களுள் பிரதிக்கிரமணம் என்பது செய்த பிழையிலிருந்து மீள்வது. பிரத்தியாக்கியானம் என்பது இனி அதனைச் செய்யாதிருக்க உறுதிகொள்வது. காயோத்சர்க்கம் என்பது உடற்பற்றையும் விட்டு அசையாது நிற்பது. பிழையை உணர்ந்தவன் அங்கேயே அமர்ந்து அழுதுகொண்டிருக்க இந்நெறி இடந்தரவில்லை. மீள்க, உறுதிகொள்க, விடுக என்பதே அதன் நடை. முடிவின்றித் தன்னை நொந்துகொண்டிருப்பது பிரதிக்கிரமணம் ஆகாது. அது ஆர்த்தத் தியானம். அது வினையைக் கழிப்பதில்லை, புதிது சேர்க்கும்.

கஷாயத்தின் வசப்பட்டவன் பிறரைத் துன்புறுத்துமுன் தன்னையே துன்புறுத்திக்கொள்கிறான் என்பது அமிர்தசந்திராசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் காட்டும் கருத்து. தன்னைக் கடிந்துகொள்வதில் என்ன கஷாயம் என்று வினவலாம். ‘பிறர் தவறலாம், நான் தவறலாகாது’ என்னும் எண்ணத்தை உற்றுநோக்கினால், பணிவின் உடையில் ஒளிந்திருக்கும் மானம், அதாவது செருக்கு, புலப்படும். பொறையை அடுத்து மார்த்தவம் என்னும் மென்மை இரண்டாம் அறமாக நிற்பது இங்கே துணையாகிறது. தானும் தவறக்கூடியவனே என்று மென்மையுற ஒப்புக்கொள்பவனால்தான் மறுபடியும் எழுத முடியும்.

மறுபடியும் எழுதியவர்களின் வரலாறு சீவகசிந்தாமணியைச் சூழ்ந்தே இருக்கிறது. திருத்தக்கதேவர் காப்பியம் பாட விழைந்தபோது, ஆசிரியர் முதலில் நரி ஒன்றைக் காட்டி அதனைப் பொருளாக்கிப் பாடச் சொன்னார் என்றும், நரிவிருத்தம் அவ்வாறு பிறந்தது என்றும் மரபு கூறும். பெருநூலுக்கு முன் ஒரு சிறுநூல். தொழில்மொழியில் சொன்னால், ஆர்டருக்கு முன் ஒரு சாம்பிள்.

அக்காப்பியத்துக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் சைவர். அவர் முதலில் எழுதிய உரையைச் சமண அறிஞர்கள் ஏற்கவில்லை என்பதும், அவர் சித்தாமூரை அடைந்து சமண நூல்களைக் கற்று உரையை மீண்டும் எழுதினார் என்பதும் வழிவழி வரும் செய்தி. பெரும்புலவர் ஒருவர்க்கு அது எத்தகைய அடி! நாணி எழுத்தாணியைக் கீழே வைத்திருந்தால் இன்று சிந்தாமணிக்கு அவ்வுரை இல்லை.

அண்மைக் காலத்துச் சான்று உ.வே. சாமிநாதையர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவரிடம், சேலம் இராமசுவாமி முதலியார் என்ன என்ன நூல்கள் கற்றீர்கள் என்று வினவினார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என அடுக்கினார். முதலியார் அவற்றில் வியப்புறவில்லை. சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றார். பின்னர் ஏடு கைக்கு வந்தபோது, அதுவரை கற்ற கல்வி பல இடங்களில் துணைசெய்யவில்லை. 25 வயது ஆசிரியர் தம் அறியாமையை மறைக்கவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லம் சென்று, சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் ஜைன சமயச் செய்திகளைக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் நூல் அச்சேறியது. 1907இல் திருத்திய இரண்டாம் பதிப்பு வந்தது. குற்றமே அற்ற பதிப்புக்காகக் காத்திருந்தால் முதற்பதிப்பே வந்திராது. முதற்பதிப்பு இன்றி இரண்டாவதும் இல்லை.

கொங்கு மண்ணிலேயே இன்னொரு சான்று உண்டு. விசயமங்கலத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் கொங்குவேளிரின் பெருங்கதைக்கு முதலும் முடிவும் கிடைக்கவில்லை. ஆயினும் கிடைத்ததைக் கிடைத்தவாறு ஐயர் 1924இல் பதிப்பித்தார். குறையுள்ள நூல் என்று அதனைத் தமிழுலகம் ஒதுக்கவில்லை, காப்பியமாகவே போற்றுகிறது.

ஆதலின், இவ்வாண்டு பொறை வேண்டும் நாளில் எல்லோரிடமும் வேண்டி முடித்தபின், ஒவ்வொருவரும் சிறிதுநேரம் தனித்து அமர்க. கைவிட்ட பாட்டு, பாதியில் நின்ற ஓவியம், எழுதாத கட்டுரை எதுவாயினும் அதனை மனத்தில் கொள்க. அதில் நேர்ந்த பிழையை ஒருமுறை நேராகக் காண்க, திருத்துவதாக உறுதிகொள்க, பின் விடுக. பெற்றோர்க்குத் தனியே ஒரு வேண்டுகோள்: குழந்தை காட்டும் முதற்படத்தில் குற்றம் தேடாதீர்கள். இன்று வீட்டில் கேட்கும் குரலே நாளை அக்குழந்தையின் உள்ளக்குரலாகும்.

ஜினாலயங்களில் காயோத்சர்க்க நிலையில் நிற்கும் தீர்த்தங்கரர் திருவுருவைக் காண்க. தொங்கவிட்ட அக்கைகளில் பற்றிக்கொண்டது ஒன்றுமில்லை. பழம்பிழையைப் பற்றியிருக்கும் கை எழுதுகோலைப் பிடிக்காது. விட்ட கையே படைக்கும்.

அறம் வளர்க!