புண் ஆறினால் நோய் தீருமா?

(சிம்பாங் அம்பாட் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களுக்கான சுகாதாரச் சொற்பொழிவு)



வீட்டில் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஒரு நோயைப் பற்றி இன்று பேசவிருக்கின்றோம். அதுவே சிபிலிஸ். மேகநோய், கிரந்தி என்றெல்லாம் நம் முன்னோர் வழங்கிய நோய்களுள் இதுவும் ஒன்று.

ரப்பர் மரத்தைத் தாக்கும் வெள்ளை வேர்நோயை நாம் அறிவோம். தழை பசுமையாக இருக்கும்போதே மண்ணுக்குள் வேர் அழுகிக்கொண்டிருக்கும். இலை மஞ்சளாகும் வேளையில் மரத்தைக் காப்பது அரிது. சிபிலிஸும் அவ்வாறே மறைந்திருந்து கெடுப்பதாகும்.

நோய் தொற்றி ஏறக்குறைய 3 வாரங்களில் பிறப்புறுப்பிலோ வாயிலோ ஒரு புண் தோன்றும். பெரும்பாலும் அதில் வலி இராது; சில வாரங்களில் மருந்தின்றியே ஆறிவிடும். நோய் தீர்ந்தது என்று நாம் மகிழ்வோம். ஆனால் கிருமி உடலெங்கும் பரவியிருக்கும். பின்னர் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்புகள் தோன்றி, அவையும் மறையலாம். சிகிச்சை பெறாதோருள் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து இதயமும் மூளையும் பழுதுறுகின்றன.

இந்நோயை வெளிப்படுத்துவது இரத்தப் பரிசோதனையே. தொற்றிய தொடக்க வாரங்களில் அது புலப்படாமலும் போகலாம். ஆதலால் மருத்துவர் மீண்டும் அழைத்தால் தவறாது செல்லுதல் வேண்டும். 1943-ஆம் ஆண்டு முதல் பெனிசிலின் இந்நோய்க்குப் பயன்பட்டு வருகின்றது. தொடக்க நிலையில் ஒரே வேளை போடப்படும் ஊசி பெரும்பாலும் போதுமானது. பெனிசிலின் ஒவ்வாதவர் அதனை முன்னரே மருத்துவரிடம் கூறவேண்டும்.

தாய்மார்களே! கருவுற்ற பெண்ணுக்கு இந்நோய் இருப்பின் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், நோயுடனும் பிறக்கலாம். ஆகவேதான் தாய்சேய் நல நிலையத்தில் முதல் வருகையின்போதே இரத்தம் எடுக்கின்றனர். இத்தகைய முயற்சியின் பயனாக, தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடென 2018-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இச்சிறப்பைப் பெற்ற முதல் நாடு நம் நாடே. ஆயினும் நோய் நாட்டைவிட்டு அகன்றுவிடவில்லை. ஒரு தாய் நிலையத்துக்குச் செல்லத் தவறினாலும் ஒரு குழந்தைக்கு ஆபத்து நேரலாம்.

மனைவிக்கு மட்டும் ஊசி போட்டால் போதாது. கணவனும் பரிசோதனை செய்து சிகிச்சை பெறவேண்டும். இல்லையேல் குணமானவருக்கே நோய் மீண்டும் தொற்றும். யாரால் வந்தது என்று சண்டையிடுவதைவிட, இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் செல்வதே குடும்பத்தைக் காக்கும் வழியாகும்.

ஒரே தட்டில் உண்பதாலோ ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ இந்நோய் தொற்றாது. எனவே நோயுற்றவரை ஒதுக்கிவைத்தல் தகாது. ஒருவனுக்கு ஒருத்தி என்னும் ஒழுக்கமும் ஆணுறையும் நம்மைக் காப்பன. நாம் அதிகாலையில் எழுந்து வெட்டும் ரப்பர்ப் பாலிலிருந்துதான் ஆணுறையும் உருவாகின்றது. நம் உழைப்பில் விளைந்த பொருளை நாமே பயன்படுத்த நாணுவது ஏன்?

மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பூசி நாளைக் கடத்தாதீர்கள். ஐயமுற்றால் அன்றே அரசாங்க சுகாதார நிலையத்தை நாடுங்கள். வெட்கம் ஒரு நாளோடு போகும். நோய் வாழ்நாளையே கெடுத்துவிடும்.