தோட்டத்தில் பிறந்த கடற்கரைப் பாட்டு

(ஈப்போவில், முன்னாள் தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

சற்று நேரத்தில் நம் இளைஞர்கள் ஐவர் இம்மேடையில் இசை நிகழ்ச்சி நடத்தவிருக்கின்றனர். கிட்டார் வாசிக்க இருவர், டிரம் அடிக்க ஒருவர், கீபோர்டுக்கு ஒருவர், பாடுவதற்கு ஒருவர். ஐவரும் நாம் முன்பு வாழ்ந்த இரப்பர்த் தோட்டத்துக் குடும்பங்களின் பேரப் பிள்ளைகள். இவர்கள் இசைக்கப் போவன திரைப்படப் பாடல்கள் அல்ல. அமெரிக்கக் கறுப்பின மக்கள் 1950, 1960ஆம் ஆண்டுகளில் பாடிய 'ரிதம் அண்டு புளூஸ்' பாடல்கள். அவற்றுள்ளும் 'கடற்கரை இசை' என்று பெயர் பெற்றவை.

இதனைக் கேள்வியுற்ற பெரியவர் ஒருவர் நம்மிடம் இரண்டு வினாக்களை எழுப்பினார். "நமக்கும் அந்தப் பாட்டுக்கும் என்ன உறவு? அதுவும், பிறர் பாடி முடித்த பாட்டைத் திரும்பப் பாடுவதில் என்ன பெருமை?" இரண்டும் நியாயமான வினாக்கள். இன்றைய நம் உரை அவற்றுக்கான விடையே.

முதலில் உறவைப் பற்றிப் பார்ப்போம். அந்த இசை தோட்டத்தில் பிறந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருந்த பருத்தித் தோட்டங்களில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் வேலையின் பாரம் தெரியாதிருக்கப் பாடினர். ஒருவர் ஓர் அடியைப் பாட, மற்றவர்கள் சேர்ந்து விடை பாடுவர். 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் பலர் அதே மண்ணில் கடன்பட்ட வாரக் குடியானவர்களாகவே உழைத்தனர். அவர்களுடைய வேலைப் பாட்டிலிருந்தும் கோயில் பாட்டிலிருந்தும் 'புளூஸ்' என்னும் துயரப் பாட்டு உருவாயிற்று. பிழைப்புத் தேடி அவர்கள் நகரங்களுக்குச் சென்றபோது, அப்பாட்டு துள்ளலும் தாளமும் பெற்றுப் புது வடிவம் கொண்டது. அதனை இசைத்தட்டு வணிகர்கள் 'இனத் தட்டுகள்' என்று ஒதுக்கி விற்று வந்தனர். 1949இல்தான் 'பில்போர்டு' என்னும் இசை வார இதழ் அந்தப் பெயரைக் கைவிட்டு, 'ரிதம் அண்டு புளூஸ்' என்ற பெயரை ஏற்றது.

இதனைக் கேட்கும்போது நமக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லையா? நம் பேராக் மாநிலத்தின் கோல கங்சாரில் 1877இல் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னாளில் அந்த மரத்தின் நிழலில் நம் முன்னோர் வாழ்ந்தனர். அவர்கள் விற்கப்பட்ட அடிமைகள் அல்லர்; பெரும்பாலோர் கங்காணி வழியாக வந்தவர்கள். இரண்டையும் ஒன்றென்று நாம் கூற மாட்டோம். ஆயினும் விடியுமுன் பிரட்டுக்கு நின்றவர்களுக்கும், பால்வாளி சுமந்தவர்களுக்கும் பாட்டே துணையாக இருந்தது. தாலாட்டும் ஒப்பாரியும், புல் வெட்டும்போது பாடிய கேலிப் பாட்டும், திருவிழாவின் உறுமியும் தப்பும் நம்முடைய 'புளூஸ்' என்றால் அது மிகையாகாது.

இனி, கடற்கரை எப்படி வந்தது? கடற்கரை என்றதும் நமக்கு லுமுட்டும் தெலுக் பாத்தேக்கும் நினைவுக்கு வரும். பங்கோர் தீவின் மாசி மகத்துக்குத் தோட்டமே திரண்டு சென்ற நாள்களும் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் இளைஞர்களும் அவ்வாறே விடுமுறைக்குக் கடற்கரைக்குச் சென்றனர். அக்காலத்தில் அங்கே வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக அமரச் சட்டமே தடையாக இருந்தது. ஆனால் கடற்கரை விடுதிகளில் காசு போட்டால் பாடும் இசைத்தட்டுப் பெட்டிகள் இருந்தன. ஊரில் கேட்கக் கிடைக்காத கறுப்பின மக்களின் பாடல்களை வெள்ளை இளைஞர்கள் அங்கே கேட்டனர்; அவற்றுக்கு 'ஷாக்' என்னும் நடனம் ஆடினர். கடற்கரையில் கேட்டதால் அது கடற்கரை இசையாயிற்று.

அது எளிதில் வந்த உறவன்று. மிர்ட்டில் பீச் என்னும் ஊரில் சார்லி ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற கறுப்பினத்தவர் ஓர் இசை விடுதி நடத்தினார். அங்கே வெள்ளை இளைஞர்களும் வந்து ஆடினர். 1950 ஆகஸ்டு மாதத்தில் கு கிளக்ஸ் கிளான் என்னும் இனவெறிக் கூட்டத்தார் அவ்விடுதியைத் துப்பாக்கியால் சுட்டுச் சிதைத்தனர். அவரையும் கடத்திச் சென்று அடித்தனர். ஆனால் பாட்டை அவர்களால் அழிக்க முடியவில்லை. 1984இல் தென் கரோலினா அரசு 'ஷாக்' நடனத்தைத் தன் மாநில நடனமாகவும், 2001இல் கடற்கரை இசையைத் தன் மாநில வெகுசன இசையாகவும் ஏற்றுக்கொண்டது. ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட பாட்டு, பின்னொரு காலத்தில் எல்லாருக்கும் பொதுச் சொத்தாயிற்று.

அடுத்து, பிறர் பாட்டைப் பாடுவது பற்றிய வினா. இன்று நம் இளைஞர்கள் பாடவிருக்கும் 'ஸ்டே' என்ற பாடலை எடுத்துக்கொள்வோம். அதனை இயற்றியவர் தென் கரோலினாவின் லங்காஸ்டர் ஊரைச் சேர்ந்த மாரிஸ் வில்லியம்ஸ். அவர் தம் 'சோடியாக்ஸ்' குழுவினருடன் 1960இல் அதனை வெளியிட்டார். இரண்டு நிமிடம்கூட ஓடாத சிறு பாட்டு; அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. 1963இல் இங்கிலாந்தின் 'ஹாலீஸ்' குழுவினர் அதனைப் பாடினர். 1977இல் ஜாக்சன் பிரவுன் பாடினார். வில்லியம்ஸ் 2024இல் மறைந்தார். அவருடைய பாட்டு மறையவில்லை. இன்று மாலை ஈப்போவில் ஒலிக்கப் போகிறது.

மெட்டுகள் பயணம் செய்பவை. நம் நாட்டுப் பண்ணின் மெட்டு, 1957இல் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு முன்பே நம் பேராக் மாநிலப் பண்ணாக இருந்தது. அதே மெட்டு 'தெராங் புலான்' என்னும் பாடலாக மக்கள் நாவிலும் உலவியது. 1947இல் இங்கிலாந்தின் ஓர் இசைக்குழு அதனை ஹவாய்க் கடற்கரைப் பாணியில் இசைத்தட்டாக்கியது. இன்று அம்மெட்டைக் கேட்டால் நாம் எழுந்து நிற்கிறோம். ஒரு மெட்டு எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதனை எத்தகைய மதிப்புடன் நாம் ஏற்றோம் என்பதே பெரிது.

நம் இனத்தவரிடமே ஒரு சான்று உண்டு. பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் 'அலிகேட்ஸ்' குழுவினர், தொடக்கத்தில் பிறர் பாடிய ஆங்கிலப் பாடல்களையே விடுதிகளில் பாடி வந்தனர். ஹாங்காங் வரை சென்று பாடினர். அந்தப் பயிற்சியில் பழுத்த பிறகே, 1979இல் 'தெரிமா காசே' என்ற மலாய் இசைத்தட்டை வெளியிட்டு, இந்நாட்டின் எல்லா இனத்தாரின் உள்ளத்தையும் கவர்ந்தனர். லோகா 2007இல் மறைந்தபோது நாடே வருந்தியது. பிறர் பாட்டில் பயின்றவர்கள்தாம் தமக்கென ஒரு குரலைக் கண்டனர்.

ஆயினும் இளைஞர்களுக்கு ஒன்று கூறுவோம். பாட்டை எடுப்பவருக்கு நன்றியுணர்வு வேண்டும். 'ஹவுண்டு டாக்' என்ற பாடலை முதலில் பாடிப் புகழ்பெறச் செய்தவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பின அம்மையார். 1956இல் அதே பாட்டைப் பாடி எல்விஸ் பிரெஸ்லி பெரும்பொருள் ஈட்டினார். தமக்குக் கிடைத்தது 500 டாலர் மட்டுமே என்று அவ்வம்மையார் பின்னாளில் கூறினார். ஆகவே மேடையில் ஒரு பாட்டைத் தொடங்குமுன் இயற்றியவர் பெயரையும் முதலில் பாடியவர் பெயரையும் சொல்லுங்கள். கட்டணம் வாங்கி நிகழ்ச்சி நடத்தினால் உரிமைக் கட்டணம் உண்டா என்று கேட்டறிந்து செலுத்துங்கள். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாட்டு இயற்றியவரைக் காக்கிறது. நாளை நீங்கள் இயற்றும் பாட்டையும் அதுவே காக்கும்.

பெரியோர்களே! இப்போது நம் குறையைச் சொல்ல வேண்டும்.

இளமையில் நாங்களும் ஓர் இசைக்குழு வைத்திருந்தோம். சம்பள நாளில் ஆளுக்கு இரண்டு வெள்ளி சேர்த்து, பழைய கிட்டார் ஒன்றை வாங்கினோம். தீபாவளிக்கும் அம்மன் திருவிழாவுக்கும் தோட்டத்து மண்டபத்தில் திரைப்பாடல்களைப் பாடினோம். அதே தோட்டத்தில், எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். கப்பலில் வந்த கதையையும், கணவரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த கதையையும் அவர் பாட்டாகப் பாடுவார். மாலை வேளையில் லயமே அமர்ந்து கேட்கும். அந்தப் பாட்டை மேடையேற்ற வேண்டும் என்று எங்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை. பட்டிக்காட்டுப் பாட்டு என்று வெட்கப்பட்டோம்.

பிறகு பால்மரங்கள் சாய்க்கப்பட்டன. ஒரு பகுதி செம்பனையாயிற்று. ஒரு பகுதி வீடமைப்புத் திட்டமாயிற்று. லயங்கள் இடிந்தன, நாம் அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறினோம். இடமில்லை என்று டிரம்மை விற்றோம். பாட்டியும் காலமானார். சென்ற ஆண்டு நம்முள் நால்வர் அமர்ந்து அந்தப் பாட்டை நினைவுகூர முயன்றோம். நான்கு அடிகள் கிடைத்தன. மெட்டு எது என்பதில் நால்வருக்கும் நான்கு கருத்து!

சிந்தித்துப் பாருங்கள். கடல் கடந்த ஓர் ஊரில் பிறந்த பாட்டை நம் பிள்ளைகள் ஓர் எழுத்துப் பிசகாமல் பாடுகின்றனர். நம் லயத்தின் கடைசி வீட்டில் பிறந்த பாட்டை நம்மால் பாட இயலவில்லை. அந்தப் பாட்டு அழிந்தது, முதலில் பாடியவர் இல்லாததால் அன்று. திரும்பப் பாடியவர் இல்லாததால். பெரியவரின் இரண்டாம் வினாவுக்கு நம் விடை இதுவே. திரும்பப் பாடுவது சிறுமையன்று. ஒரு பாட்டு உயிர் வாழ்வதற்கு வேறு வழியே இல்லை.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். பெரியோர்களுக்கு ஒன்று: இந்த ஐவருக்கும் பயிற்சி செய்ய இடமில்லை. அடுக்குமாடி வீட்டில் டிரம் அடித்தால் அண்டை வீட்டார் கதவைத் தட்டுகின்றனர்; அவர்கள்மேல் குறையில்லை. ஞாயிறு மாலைகளில் இரண்டு மணி நேரம் இம்மண்டபத்தின் பின்னறையை இவர்களுக்குத் திறந்துவிடுங்கள். இளைஞர்களுக்கு ஒன்று: நம் தோட்டத்துத் தாய்மார்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அந்தப் பின்னறைக்கு அவர்களை அழைத்து வாருங்கள். 'ஸ்டே' பாடலைக் கற்றபோது காட்டிய அதே கருத்துடன், அவர்களிடம் ஒரே ஒரு பாட்டையாவது கற்றுக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்தால் மட்டும் போதாது. பதிவு பெட்டியில் உறங்கிவிடும். மேடையில் பாடுங்கள். அடுத்த ஒன்றுகூடலில் அதனை நாங்கள் கேட்க வேண்டும்.

தோட்டம் போய்விட்டது. பாட்டும் போக வேண்டியதில்லை. இதோ, இளைஞர்கள் கிட்டாருக்குச் சுருதி கூட்டுகின்றனர். முன் வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டிமார்களே, மொழி புரியவில்லையே என்று எண்ண வேண்டா. தாளத்தைக் கேளுங்கள். அது உங்களுக்குத் தெரிந்த தாளந்தான்.