மூன்று புள்ளிக்கு எண் 2947
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷத்துக்கு மேல் பேசக் கூடாது என்பது செயலாளரின் கட்டளை. ஆகவே ஒரே ஓர் எழுத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன். ஆய்த எழுத்து. நம் தமிழய்யா கரும்பலகையில் மூன்று புள்ளி வைத்து, "அடுப்பு மாதிரி இருக்கா?" என்று கேட்பாரே, அதுதான்.

இது தனித்து நிற்கத் தெரியாத எழுத்து. முன்னே ஒரு குறில் வேண்டும், பின்னே ஒரு வல்லினம் வேண்டும். எஃகு, அஃது, கஃசு என்று பாருங்கள். தொல்காப்பியர் இதைச் சார்பெழுத்து மூன்றில் ஒன்றாக வைத்தார். ஆனால் நம் காலத்தில் இதற்குப் புது வேலை கிடைத்துவிட்டது. பகரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து அதன் ஒலியையே மாற்றுகிறது. ஃபேன், ஃபீஸ், காஃபி எல்லாம் அப்படித்தான். மொழிநூலார் உலகில் இப்படி அடுத்த எழுத்தின் ஒலியை மாற்றும் குறிகள் நிறைய உண்டு. இலக்கணப்படி சொல்லுக்கு முதலில் வரவே கூடாத எழுத்து, இன்று ஃபாத்திமா என்ற பெயரில் முதலிலேயே நிற்கிறது. நல்லதுதான், எனக்கு வருத்தமில்லை.

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 1991-இல் யூனிகோடு முதல் பதிப்பு வந்தபோது, இந்திய அரசின் இஸ்கி முறையைப் பின்பற்றித் தமிழுக்கு 128 இடம் ஒதுக்கினார்கள். எல்லா இந்திய மொழிக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை. தேவநாகரியின் வரிசை 2304-இல் தொடங்குகிறது. அங்கே விசர்க்கம் 2307. தமிழ் வரிசை 2944-இல் தொடங்குகிறது. அதே மூன்றாம் இடத்தில், 2947-இல், நம் ஆய்தத்தை உட்கார வைத்து, பெயரும் 'தமிழ் விசர்க்கக் குறி' என்றே வைத்துவிட்டார்கள். விசர்க்கம் சொல்லின் கடைசியில்கூட வரும், அதற்குப் புள்ளி இரண்டு. ஆய்தம் எங்கே, அது எங்கே! சரி, பெயரையாவது மாற்றலாமே என்றால், ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது 1996 முதல் அவர்கள் விதி. பட்டியலில் பக்கத்தில் 'ஆய்தம்' என்று ஒரு குறிப்பு மட்டும் போட்டிருக்கிறார்கள்.

பெயர் போகட்டும், இடம்தான் வம்பு. அகரத்தின் எண் 2949. ஔகாரம் 2964, ககரம் 2965. நம் அகராதியில் ஆய்தம் ஔவுக்கும் க-வுக்கும் நடுவே வரவேண்டும். எண் வரிசையை மட்டும் பார்த்து அடுக்கினால் அது அகரத்துக்கும் முன்னால் போய் நிற்கும். தமிழ் வரிசையைத் தனியாகச் சொல்லிக் கொடுத்தால் ஒழுங்காக வரும். பல மென்பொருள் எழுதுபவர்கள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை.

நம்மோடு படித்த தோழி ஒருவர். பெயர் 'ஃபா' என்று தொடங்கும். வேலை பார்த்த இடத்துப் பதிவேட்டில் ஆய்தம் உண்டு, வங்கிப் புத்தகத்தில் இல்லை. மூன்றாவதாக ஓர் ஆவணத்தில், தட்டச்சு செய்த புண்ணியவான் கணக்குப் பாடத்தில் 'ஆகவே' என்று போடுவோமே, அந்த முக்கோணப் புள்ளியைப் போட்டிருந்தார். கண்ணுக்கு ஒன்றுபோல்தான் தெரியும். ஆனால் அதன் எண் 8756. தேடினால் ஆள் கிடைக்கவில்லை. கணவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியம் பெற, மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சான்று வாங்க அந்த அம்மா ஏழு மாதம் அலைந்தார்.

ஹவாய்த் தீவுக்காரர்களுக்கும் இதே பாடு உண்டு. தொண்டையை அடைத்து எழுப்பும் ஒலிக்கு அவர்களுக்கு ஓர் எழுத்து, எண் 699. பார்க்க மேற்கோள் குறி மாதிரியே இருப்பதால் பலரும் 8216-ஐத் தட்டிவிடுகிறார்கள். அது நிறுத்தக்குறி. சில மென்பொருள்கள் அங்கே சொல் முடிந்தது என்று எண்ணி, ஒரே பெயரை இரண்டாக வெட்டிவிடும்.

நம் சங்கத்தின் முகவரிப் புத்தகம் இப்போது தயாராகிக்கொண்டிருக்கிறது. அச்சுக்கு முந்தைய படி வாசலில் மேஜைமேல் இருக்கிறது. ஆய்தப் பெயர்க்காரர்கள் 'அ' பக்கத்துக்கு மேலேயும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே நின்றால் செயலாளரிடம் சொல்லி, ஔவுக்கு அப்புறம் கொண்டுபோய் விடச் சொல்லலாம். எழுத்து விடுபட்டிருந்தால், சான்றிதழில் உள்ளபடியே பேனாவால் எழுதிக் கொடுங்கள்.