மயிர்க்காலுக்குச் செல்லும் மருந்து



வழுக்கையைப் பற்றிப் பேச எமக்கு என்ன தகுதி என்று ஐயுறுவோர், இம்மேடை விளக்கொளியில் எம் தலையை ஒருமுறை நோக்குக. ரயில்வேயில் பார்சல் எழுத்தராய் ஈட்டிய பொருளில் ஒரு பங்கைத் தைலப் புட்டிகளே உண்டன. அது போகட்டும். எம் தமக்கையின் மகன், பெண் பார்க்கச் செல்லவும் கூசி, 'நானோ' என்று அச்சிட்ட புட்டி ஒன்றுக்குப் பாதிச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வந்தான். அதன் பின்னரே யாம் இதனைக் கற்கத் தொடங்கினோம்.

மினாக்சிடில் என்னும் மருந்து முதலில் இரத்த அழுத்தத்திற்கு மாத்திரையாக வந்தது. உண்டவர் உடலில் மயிர் வளரக் கண்டனர். 1988-இல் அமெரிக்க அரசு அதனைத் தலையில் பூசும் மருந்தாக ஏற்றது. ஆயின் தோலின் புற அடுக்கு, மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே தடித்ததாயினும், கோட்டை மதில் போன்றது. பூசியதில் சிறு பகுதியே உட்புகும். கரைப்பதற்குச் சேர்க்கும் ஆல்கஹாலும் புரோப்பிலீன் கிளைக்காலும் சிலருக்கு அரிப்பைத் தரும்.

மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டால் ஒரு கூறு நானோமீட்டர். சில நூறு நானோமீட்டர் அளவுள்ள துகளுள் மருந்தைப் பொதிந்து, மயிர்க்கால் வழியே இறக்குவது புதிய முயற்சி. 2007-இல் பெர்லினில் லாடெமன் குழுவினர் 320 நானோமீட்டர் சாயத்துகளைத் தோலில் தேய்த்து ஆராய்ந்தனர். அது மயிர்க்காலில் ஆழ இறங்கிப் பத்து நாள் வரை தங்கிற்று. துகளாக்காத சாயம் நான்கு நாள் வரையே நின்றது. தேய்த்துவிட்டால்தான் துகள் ஆழச் செல்லுமாம்! சனிக்கிழமைதோறும் எம் தலையைப் பதம் பார்த்த பாட்டியாரை அப்பொழுது நினைந்தோம்.

நம் கொச்சியிலும் இத்துறை உண்டு. இறால், நண்டு ஓடுகளில் உள்ள பொருள் கைட்டின். அமிர்தா நானோ அறிவியல் மையத்தார் அதனை நுண்களியாக்கி, மஞ்சளின் குர்க்குமினை ஏற்றி, பன்றித் தோலில் செலுத்திப் பார்த்து 2012-இல் வெளியிட்டனர். அது தோற்புற்றை நாடிய ஆய்வு; மயிருக்கன்று.

பார்சலை எத்துணை செவ்வனே கட்டினும், முகவரியில் ஆளில்லையேல் திரும்பியே வரும். மயிர்க்கால் மாண்ட எம் தலைக்கு எத்துகளும் உதவாது. மருமகனுக்கோ அவை உயிரோடிருந்தன. தோல் மருத்துவர் அப்புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்தின் பெயரே அதில் இல்லை. எளிய மினாக்சிடிலையே எழுதித் தந்து, முதலில் சிறிது உதிரும், அஞ்சற்க, நிறுத்தினால் பயன் நீங்கும் என்றார்.

ஐந்தாம் திங்களில் சிறிது முளைத்தது. பெண் பார்க்கவும் சென்றோம். அவ்வீட்டார் தலையை நோக்கவே இல்லை. வேலை நிரந்தரமா என்றே கேட்டனர்.